தாய்ப்பாலில் 'நல்ல பாக்டீரியா': டிராப்ஸ் வாங்கிக் கொடுத்தா அதே பலனா?

தாய்ப்பாலில் கிருமியே இருக்காதுன்னுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். ஆரோக்கியமான தாய்மார்களின் பாலிலும் லாக்டோபாசில்லஸ் வகை பாக்டீரியா உயிரோடு இருப்பதை 2003-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

செங்கல்பட்டோ மாமல்லபுரமோ, மெடிக்கல் ஷாப்பில் கைக்குழந்தைக்கு 'புரோபயாடிக் டிராப்ஸ்' கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. உலகம் முழுக்க விற்கும் 'ரியூட்டரி' ரகம், பெரு நாட்டுத் தாய் ஒருவரின் பாலில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான். விடாமல் அழும் 'கோலிக்' தொல்லைக்கு ஓரளவு உதவுகிறது. ஆனால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குத்தான்; புட்டிப்பால் குழந்தைகளிடம் பலன் உறுதியாகவில்லை.

தாய்ப்பாலில் பாக்டீரியாவுக்குத் தீனியும் கூடவே வருது. குழந்தைக்கே செரிக்காத நூற்றுக்கும் மேற்பட்ட சர்க்கரைகள் குடலுக்குப் போய் நல்ல பாக்டீரியாவை வளர்க்கின்றன. நாலு சொட்டு டிராப்ஸில் இவ்வளவும் கிடையாது.

குறைமாதக் குழந்தைன்னா டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று, அதே பாக்டீரியாவின் தொற்றால் இறந்தது. 2023-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விடுத்தது.

அப்போ தாய்ப்பால் வங்கிப் பால்? அதை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவதால் நல்ல பாக்டீரியாவும் அழிந்துவிடும். ஆனாலும், பெற்ற தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைக்குப் பவுடர் பாலைவிட அதுதான் பாதுகாப்பு.