தவணையையும் ஓட்டிப் பாருங்கள்

“மாசம் 635 வெள்ளிதான்ப்பா” என்று மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ஒரு சிவப்பு மைவி பளபளத்தது. காரைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் ‘தான்’ என்ற சொல்தான் வயிற்றைக் கலக்கியது.

மகளுக்குக் கார் தேவை என்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. நாங்கள் இருப்பது கிள்ளானில். அவள் வேலை செய்வது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில். காலை வேலை என்றால் கேடிஎம் கொமுட்டர் ரயில் போதும். மாலை வேலை முடிய இரவு 10 மணி ஆகிவிடும். அந்த நாட்களில் கிராப் பிடித்து வருவாள். அவள் வந்து கதவைத் திறக்கும்வரை என் மனைவி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார், ஆனால் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

ஆக, கார் வாங்கலாம். எந்தக் கார் என்பதுதான் பேச்சு.

நான் முதலில் சொன்னது பழைய வடிவில் வந்த மெனுவல் எக்சியாவை. 2023-இல் 22,000 ரிங்கிட்டுக்கு விற்பனைக்கு வந்ததே, அதுதான். “அப்பா, என் லைசன்ஸ் டிஏ” என்றாள். ஆட்டோ கார் மட்டும் ஓட்டும் உரிமம். கிளட்ச் மிதிக்கச் சட்டமே அனுமதிக்காது! என் யோசனை அரை நிமிடத்தில் முடிந்துபோனது.

ஒரு சனிக்கிழமை இருவரும் ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்த தம்பி நல்ல பையன். சாவியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடை வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பி, சமிக்ஞை விளக்கு தாண்டி, ஒரு யூ-வளைவு போட்டுத் திரும்பினால் பத்து நிமிடம். சமதளச் சாலை, குளுகுளு ஏர்கோன், ஒலிபெருக்கியில் பாட்டு. மகள் சிரித்த முகத்தோடு இறங்கினாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘நல்ல குடும்பம்’ என்று சொல்வதைப் போலத்தான் இருந்தது எனக்கு. மைவி நல்ல கார் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2005-இல் வந்ததிலிருந்து நம் சாலைகளில் அதைப் பார்க்காத நாளே கிடையாது. பத்து நிமிடத்தில் அவளுக்குக் காரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம், அந்தக் காரோடு அடுத்த ஒன்பது ஆண்டு எப்படி வாழப்போகிறாள் என்பதைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை.

அன்று இரவு, இதுவரை பிள்ளைகளிடம் சொல்லாத ஒன்றை மகளிடம் சொன்னேன்.

1996-இல் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஓவர்டைம் கொட்டிய காலம். அந்த ஓவர்டைமையும் சேர்த்துச் சம்பளம் என்று கணக்குப் போட்டு, என் தகுதிக்கு மீறிய கார் ஒன்றைத் தவணையில் எடுத்தேன். மறு ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. 1998-இல் ஓவர்டைம் அடியோடு நின்றது. புது மனைவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. அதற்குப் பிறகும் இரண்டு தவணை தவறியது, நோட்டீஸ் வந்தது, ஒரு நாள் விடியற்காலையில் ஆட்கள் வந்து காரை இழுத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது எனக்கு இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. கார் போனதோடு கடனும் போகவில்லை. ஏலத்தில் கிடைத்த பணம் போதாமல், இல்லாத காருக்கு மிச்சக் கடனை அதற்குப் பிறகும் கட்டினேன்.

2001-இல் பழைய கஞ்சில் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கினேன். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். 660 சிசி என்ஜின், பெயருக்கேற்ற உருவம். அந்தச் சருகுமான்தான் இந்த மகளைப் பாலர் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை சுமந்தது.

மகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து வந்தாள். இருவரும் கணக்குப் போட்டோம்.

அவள் பார்த்த மைவி, 1.5 லிட்டர் வகையில் மேல்மட்டம். காப்புறுதி சேர்க்காமலே 60 ஆயிரம் ரிங்கிட்டை நெருங்கும் விலை. முழுத்தொகையாக 60 ஆயிரம் என்று வைத்துக்கொண்டோம். பத்து விழுக்காடு முன்பணம் போக 54,000 கடன். நிலையான வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு என்றால், கடன் குறையக் குறைய வட்டி குறையாது. முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே ஒவ்வோர் ஆண்டும் வட்டி. ஒன்பது ஆண்டுக்கு 14,580 ரிங்கிட். மாதம் 635 என்பது இப்படித்தான் வருகிறது.

அதோடு முடிந்ததா? கூட்டரசு நெடுஞ்சாலையில் டோல் 2018-லிருந்து இல்லை, அது நமக்கு லாபம். பெட்ரோலுக்கு, மானிய விலை லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று போட்டாலும், மாதம் 180. கார் நிறுத்தும் கட்டணம் 120. காப்புறுதியையும் சாலை வரியையும் பன்னிரண்டாகப் பிரித்தால் 150. சர்வீஸ், டயர் என்று ஒதுக்க 70. கூட்டினால் 1,155 ரிங்கிட்!

அவள் சம்பளம் 2,800. சேமநிதியும் சொக்சோவும் போகக் கையில் வருவது ஏறக்குறைய 2,470. வீட்டுக்கு 400, பிடிபிடிஎன் கல்விக்கடனுக்கு 150. மிச்சம் 1,920. அதில் கார் 1,155-ஐ விழுங்கினால், சாப்பாடு, தொலைபேசி, துணிமணி, கல்யாண மொய், சேமிப்பு எல்லாவற்றுக்கும் 765.

“கட்டலாம்ப்பா, கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா போதும்” என்றாள். இருபத்தைந்து வயதில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். நானும் சொன்னவன்தான்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த என் மனைவி அப்போதுதான் பேசினார். “காடியைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தே இல்ல? தவணையை மூணு மாசம் ஓட்டிப் பாரு. அப்புறம் கையெழுத்துப் போடு.”

வளையலை இழந்தவர் சொன்ன யோசனை. இதைவிட நல்ல யோசனையை எந்த வங்கி அதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை.

செய்முறை எளிது. கார் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும். ரயிலுக்கும் கிராப்புக்கும் அவள் ஏற்கெனவே செலவழிக்கும் 250-ஐக் கழித்துக்கொண்டோம். 1,155-இல் 250 போனால் 905.

முதல் மாதம் போட்டாள், சமாளித்தாள். இரண்டாம் மாதம் சித்தப்பா மகளின் திருமணம் வந்தது. புடவை, மொய், ஈப்போவுக்குப் போய்வரும் செலவு. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தனிக் கணக்கிலிருந்து 300 எடுத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள். நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உண்மையான கடனாக இருந்தால் அந்த 300-ஐத் திருப்பி எடுக்க வங்கி விட்டிருக்குமா என்று அவளே யோசித்திருப்பாள்.

மூன்றாம் மாதம் தாளை மறுபடி எடுத்தாள். இந்த முறை புதிய எக்சியா, ஆட்டோ. விலை 40 ஆயிரத்தை ஒட்டி. 36,000 கடனை ஒன்பது ஆண்டுக்குப் போட்டால் மாதம் 423தான். ஆனால் அவளே ஏழு ஆண்டுக்குக் கணக்குப் போட்டாள். மாதம் 519, வட்டியில் 2,160 மிச்சம். ஒரு லிட்டர் என்ஜின் என்பதால் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான், 1.5-க்கு 90. பெட்ரோல் 160, நிறுத்தக் கட்டணம் 120, காப்புறுதி 125, சர்வீஸ் 70. மொத்தம் 994. பழைய 250 போக, 745 தனிக் கணக்குக்குப் போனது. அந்த மாதம் எதையும் திரும்ப எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மறுபடி ஷோரூம். இம்முறை நாங்கள் இருவர் இல்லை, நால்வர். என் அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, நடைச்சட்டம் இல்லாமல் வெளியே வரமாட்டார். வாரம்தோறும் கோயிலுக்கும் மாதம்தோறும் கிளினிக்குக்கும் அந்தக் காரில்தான் போகப்போகிறார். அவர் ஏறி இறங்கிப் பார்க்காமல் வாங்கிய காரில் அவரை எப்படி உட்கார வைப்பது?

பாட்டி மூன்று கார்களில் ஏறி இறங்கினார். செடான் கார்கள் இரண்டில், பெசாவிலும் சாகாவிலும், சாமான் வைக்கும் இடம் தாராளம். ஆனால் இருக்கை தாழ்வாக இருக்கிறதென்று எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். எக்சியாவில் தானாக உட்கார்ந்தார், தானாக எழுந்தார். “இந்தக் காடி பரவால்ல தம்பி” என்று விற்பனையாளரிடம் சொன்னார். நடைச்சட்டத்தை மடித்துப் பின்னால் வைத்துப் பார்த்தோம், கதவு மூடியது.

சோதனை ஓட்டத்துக்கு மாலை 7 மணியைக் கேட்டு வாங்கினோம். அவள் ஓட்டப்போவது இருட்டில். வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்து என்ன பயன்? முன்விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது, பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் மோட்டார் எப்போது மறைகிறது, எல்லாம் இருட்டில்தான் தெரியும். பாட்டை அணைத்துவிட்டோம். வேகத்தடையில் மெதுவாக ஒரு முறை, சற்று வேகமாக ஒரு முறை. ஆளில்லாத இடத்தில் பிரேக்கை அழுத்தி ஒரு முறை. பின்பக்கக் காட்சியைக் காட்டும் திரையைப் பார்க்காமல், கண்ணாடியை மட்டும் பார்த்து, பெட்டிக்குள் நிறுத்தி ஒரு முறை. அதில் இரண்டு தடவை கோட்டைத் தாண்டினாள்!

கடைசியாக, அருகிலிருந்த பேரங்காடியின் மாடி நிறுத்துமிடத்துக்கு விடச் சொன்னேன். அவள் மருத்துவமனையிலும் நிறுத்துமிடம் மேல்மாடியில்தான். நான்கு பேர், ஏர்கோன் முழுவேகம், செங்குத்தான சரிவு. மூன்று சிலிண்டர் என்ஜின் குரல் உயர்த்தியது, ஆனால் ஏறியது. பாதிச் சரிவில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடக்கும்போது மைவி நிற்கிற நிதானம் இதில் கொஞ்சம் குறைவுதான். அதை மகள் தானாகவே சொன்னாள். “லாரி பக்கத்துல ஓட்டக்கூடாது, அவ்ளோதான்ப்பா.” சிறிய கார் வாங்குகிறவர் அதன் குறையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பாதுகாப்பு அம்சங்கள் வகைக்கு வகை மாறும் என்பதால், காற்றுப்பை எத்தனை, என்னென்ன உண்டு என்று விலைப்பட்டியலில் வரிவரியாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் தனிக் கணக்கில் சேர்ந்தது 2,255 ரிங்கிட். முன்பணம் 4,000-இல் பாதிக்கு மேல் அதிலிருந்தே போனது. மீதியை அவள் சேமிப்பிலிருந்து போட்டாள். நான் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

கார் வந்த அன்று கோயிலில் பூசை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். முதலில் ஏறியது பாட்டிதான். நிறம் சிவப்பு இல்லை, வெள்ளை. சிவப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்த சம்பளத்தில் கார் வாங்க நினைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முதல் மாதத் தவணையை இந்தச் சம்பளத்திலிருந்தே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஷோரூம் மூன்று மாதத்தில் எங்கும் ஓடிப்போகாது.

இப்போது மாலை வேலை நாட்களில் 10.45-க்கு வாசலில் வெளிச்சம் விழுகிறது. கேட்டைத் திறக்க நான்தான் போகிறேன். என் மனைவி தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறார்.