பூங்கா என்றொரு ரயில்வே ஸ்டேஷன்

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததைப் பற்றி நம்மவர்கள் எழுதி இன்னும் ஓயவில்லை. பழைய புத்தகக் கடையில் அபூர்வ நாவல் சல்லிசாகக் கிடைத்த கதை, பேரம் பேசிய கதை, சாம்பலைப் பார்த்து அழுத கதை. இந்தத் துக்கம் பொய்யில்லை; அரைகுறையானது. மூர் மார்க்கெட் எதை அழித்துவிட்டு அங்கே நின்றது என்று கேட்கிற சுரணையைத்தான் காணோம்.

கவர்னர் ட்ரெவெல்யன் காலத்தில், 1859-ல் உருவான பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். 11 குளங்கள், பாண்டு வாத்திய மேடை, மிருகக்காட்சிசாலை. ஜனங்கள் மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்' என்றும் பெயர் வைத்தார்கள். இந்த ஜோடிப் பெயரின் கூர்மை நமது கவிதைத் தொகுதிகள் பலவற்றில் கிடையாது.

இந்தப் பூங்காவை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகத் திருடவில்லை. துண்டு துண்டாக, ஒவ்வொரு நல்ல காரியத்துக்காகப் போயிற்று. கூட்டம் போட விக்டோரியா ஹால். வியாபாரத்துக்கு 1900-ல் மூர் மார்க்கெட். நகர நிர்வாகத்துக்கு 1913-ல் ரிப்பன் கட்டடம். விளையாட ஸ்டேடியம். 1985-ல் வண்டலூர் திறந்ததோடு உயிர் காலேஜின் கதையும் முடிந்தது. எரிந்த மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வணிக வளாகம். அங்கே அல்லியும் இல்லை, குளமும் இல்லை.

வாங்க, மனுக் கொடுக்க, டிக்கெட் எடுக்க, பிரசங்கம் கேட்க — இவை ஒவ்வொன்றிலும் நுழைய ஒரு காரியம் வேண்டும். காரியமில்லாத மனிதன் ஊர் நடுவில் உட்கார இருந்த இடம் போயிற்று. கவிதைக்குப் பயன் கேட்காதே என்று பக்கம் பக்கமாக வாதாடியவர்கள் நாம். நிலத்துக்குப் பயன் கேட்டபோது மட்டும் வாயை மூடிக்கொண்டோம். இப்போது பாரம்பரியக் கட்டடம் என்று செங்கல்லைக் கும்பிடுகிறோம். தின்றவனுக்குப் பூஜை, தின்னப்பட்டதற்குத் திவசம்கூடக் கிடையாது. வெள்ளைக்காரன் போட்ட பார்க்குத்தானே என்பவர்களுக்கு: அந்தச் செங்கல்லும் அவன் வைத்ததுதான்.

பார்க் டவுன் என்கிறோம், பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறோம். பொருள் செத்த பிறகு சொல் மட்டும் போர்டில் தொங்குகிறது. மொழியைத் தொழிலாகக் கொண்டவன் முதலில் கவனித்திருக்க வேண்டிய சாவு இது.

ரிப்பன் கட்டடத்தின் பின்னால் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு மிச்சம். அடுத்த நல்ல காரியம் அதைக் கேட்டு வருவதற்குள் போய்ப் பாருங்கள். கவிதை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டாம். சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.