மன்னிப்பு வந்தது; ஆதாரம் எப்போது வந்தது?

கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் ஜனாஸா எரிப்பைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், எரித்தே ஆக வேண்டும் என்பதற்கான அறிவியல் தரவுகள் மக்கள் முன் வைக்கப்படவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டு செல்லப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோது, அடக்கத்தால் நீரில் வைரஸ் பரவவில்லை எனக் காட்டும் ஆய்வுகளைச் சுட்டிக்காட்டியது.

எரித்த பின் வந்த ஆதாரம் யாருக்குப் பயன்?

இன்றும் கல்முனையில் யாராவது படிவத்தோடு வீட்டுக்கு வந்தால், "இதெல்லாம் எதுக்குக் கேக்கிறாங்க?" என்றே எம்மவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மக்கள் கொடுக்கும் தகவல் அரசிடமுள்ள அமானிதம். அதை வைத்து எடுக்கும் முடிவுக்குக் கணக்குக் காட்டுவதும் அமானிதமே.

கேட்கும் பொறுப்பு எமக்குமுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, காரணம் கூறாமலே இலங்கைப் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அடுத்த வர்த்தமானி வரும் அன்றே ஆதாரத்தைக் கேட்போம்; மன்னிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.