குடியிருப்போர் ஒன்றுசேர வேண்டும்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளும் அகல் விளக்குகளும் எத்தனையோ ஊர்களில் வீடுகளை அலங்கரிக்கின்றன. அவற்றை அச்சில் வார்த்துச் சூளையில் இடும் தொழிலாளரிற் பலரோ பிறர் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர். பீங்கான் தொழிற்கல்வி பெற வந்த மாணவரும், ரயில்வே ஜங்ஷனை நம்பிப் பிழைப்போரும் இத்தகையவரே. வாடகை ஏறும்போது இவர்களுக்குள்ள பாதுகாப்பு யாது? இதுவே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

1960-ம் வருஷத்திய 18-வது சட்டப்படி, வாடகை அதிகமென்று கருதியவர் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சென்று நியாய வாடகையை நிர்ணயிக்குமாறு கேட்கலாம். சட்டத்தில் எண்ணிக் கூறிய காரணங்களாலன்றி அவரை வெளியேற்றவும் இயலாது. அச்சட்டத்திற் குறைகள் இல்லாமலில்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. பழைய வாடகையிற் சிக்கிய வீட்டுக்காரர் மராமத்தைக் கைவிட்டனர். 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த 2017-ம் வருஷத்திய 42-வது சட்டம் அதை நீக்கிவிட்டது. நியாய வாடகை என்ற ஏற்பாடு அதனுடன் மறைந்தது. இப்பொழுது வாடகை இருவரும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையைப் பொறுத்தது. அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தலும் வேண்டும்.

உடன்படிக்கை நியாயமாவது சமமானவர்களுக்குள்ளேதான். ஒருவரிடம் வீடு இருக்கிறது. மற்றவரிடம் பிள்ளைகளை நாளை எங்கே தங்கவைப்பது என்ற கவலை இருக்கிறது. இவ்விருவரும் ஒப்பமிடும் காகிதத்தில் சுதந்திரம் எவ்வளவு இருக்க முடியும்? மேலும், எழுத்து மூலமான உடன்படிக்கை செய்துகொள்ளாமையையே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தின் 21-வது பிரிவு வைத்திருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பி வாழும் ஏழைக்கு இதைவிட அபாயம் வேறில்லை.

குடியிருப்போர்க்கு உதவும் விதிகளும் அதே சட்டத்தில் உண்டு. கொடுத்த வாடகைக்கு ரசீது பெறலாம். குடிநீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தலாகாது. ஆனால் தனி ஒருவர் இவ்வுரிமையைக் கேட்டால், வீட்டைக் காலி செய் என்பதே பதிலாக வரும். தெருவார் அனைவரும் சேர்ந்து கேட்டால் அப்பதிலைச் சொல்வது எளிதன்று.

1915-ல், யுத்தத் தளவாடத் தொழிலாளர் வந்து நிறைந்த கிளாஸ்கோ நகரில் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் முதலிய பெண்மணிகளின் தலைமையில் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உயர்ந்த வாடகையைக் கொடுக்க மறுத்தன. நவம்பர் 17-ல் சிலர்மீது வழக்கு விசாரணைக்கு வந்தபோது கப்பல் கட்டும் தொழிலாளர் திரண்டு கோர்ட்டின் முன் நின்றனர். வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றிற்று. 1918-ல் பம்பாயிலும் அத்தகைய சட்டம் வந்தது. கேளாதவர்க்குச் சட்டம் இரங்குவதில்லை என்பதே இதன் படிப்பினை.

வீட்டுக்காரர் யாவரும் கொடியவரல்லர். ஆயுள் முழுதும் சேமித்துக் கட்டிய ஒரே வீட்டின் வாடகையால் ஜீவிக்கும் முதியோரும் உளர். அவர்க்குரியதை மறுப்பது சங்கத்தின் வேலையாகாது.

வார்டுதோறும் குடியிருப்போர் சங்கம் அமைத்து, 1975-ம் வருஷத்திய சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்க. எளிய தமிழில் மாதிரி உடன்படிக்கை ஒன்றைத் தயாரித்து எல்லோர்க்கும் வழங்குக. வாடகை எத்தனை மாதத்திற்கு ஒருமுறை, எவ்வளவு உயரலாம் என்பதை அதில் ஐயமின்றி எழுதுக. அதன்பின் சர்க்காரிடம் செல்லுக. காஞ்சீபுரம் ஜில்லா வல்லம் வடகாலில் பெருந்தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. அது நற்செயலே. சிறு சூளைகளில் உழைப்போர்க்கும் அதே நியாயம் உரியதன்றோ?

மேடையில் ஏழைகளின் பெயரால் பேசும் ஊழியர்கள் விருத்தாசலத்துத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று உடன்படிக்கையையும் ரசீதையும் கேட்டுப் பார்க்கட்டும். அங்கத்தினர் சேர்ப்பதற்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.