சக்கரம் வச்ச வீட்டுக்கு ஒரே இடம் எதுக்கு?

கேரவன் என்றதும் நம்மூர் ஆட்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற வண்டிதான் ஞாபகம் வரும். நான் படிக்க வந்திருக்கிற பிரிட்டனில் அது வேற. என்ஜின் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். சாதாரண நடுத்தரக் குடும்பங்கள் லீவு விட்டால் இதை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இதை வைத்துக்கொள்ள ரெண்டு வழி இருக்கிறது. ஒண்ணு டூரிங்: இந்த வாரம் கடற்கரை, அடுத்த மாசம் மலை என்று இழுத்துக்கொண்டே சுற்றுவது. இன்னொண்ணு சீசனல் பிட்ச். (பிட்ச் என்றதும் கிரிக்கெட்டுக்குப் போய்விடாதீர்கள். முகாமில் வண்டி நிறுத்தக் கொடுக்கிற இடத்துக்கு அந்தப் பேர்.) சீசன் முழுவதுக்கும் பணத்தைக் கட்டி ஒரே முகாமில் வண்டியை நிறுத்திவிட வேண்டியது. பெரும்பாலும் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அது அங்கேயே நிற்கும். நீங்கள் மட்டும் காரில் போய் வரலாம்.

என்னைக் கேட்டால் இரண்டாவது சுத்த தண்டச் செலவு. யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஏன்னு சொல்றேன்.

முதலில் கணக்கு. உதாரணத்துக்கு சீசன் வாடகை 2,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டூரிங் போகிறவர் ஒரு ராத்திரிக்கு 30 பவுண்டு கொடுக்கிறார். அப்படியானால் 2,400க்கு 80 ராத்திரி. மார்ச் முதல் அக்டோபர் வரை சுமார் 35 வார இறுதிகள்தான் இருக்கின்றன. வெள்ளி, சனி என்று ஒன்றுகூட விடாமல் போனாலும் 70 ராத்திரிதான்! "டூரிங் வண்டியை மற்ற நாளில் நிறுத்தி வைக்க யார்டு வாடகை ஆகுமே" என்பீர்கள். சரி, அதற்கு ஒரு 600 கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் 60 ராத்திரி, அதாவது 35ல் 30 வார இறுதி போனால்தான் சரிக்குச் சரி. இந்த ஊர் மழையில், பிள்ளைகளின் பிறந்தநாள் பார்ட்டி, ஆபீஸ் வேலை, மாமியார் வீட்டு விருந்து எல்லாம் போக 15 வாரம் போனால் பெரிய விஷயம். அப்போ ஒரு ராத்திரி எவ்வளவு? 80 பவுண்டு. அதுவும் நம்ம சொந்த மெத்தையில் படுக்க!

இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே வருகிற பதில், "பணமா முக்கியம்? நிம்மதி வேண்டாமா?" அந்த நிம்மதியை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கடலோர முகாமில் ஒரு கோடை முழுக்க புல் வெட்டி, குளியலறை கழுவி பார்ட் டைம் வேலை செய்தேன். சீசனல் வரிசை என்பது பாதி நாள் பூட்டிக்கிடந்த வீடுகளின் தெரு. வெயில் படாத பக்கத்தில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். கடல் காற்றில் இரும்பெல்லாம் துரு. வண்டியை நகர்த்தாததால் டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கி, பக்கவாட்டில் வெடிப்பு விடும். (கேரவன் டயரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் 5 வருஷத்தில் மாற்றுவது நல்லது, 7 தாண்டவே கூடாது என்பது இங்கே பொதுவான அறிவுரை.) ஜன்னல் திறக்காமல் கிடப்பதால் உள்ளே ஈரம் ஏறும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓனர் வருவார். சனிக்கிழமை பூரா தேய்ப்பார், துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை புல்லைப் பற்றி என்னிடம் புகார் சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் செய்கிற அதே வேலைக்கு இன்னொரு பிராஞ்ச் ஆபீஸ்! முக்கியமாக, பணம் கட்டியாச்சே என்கிற ஒரே காரணத்துக்காக வருகிறவர்கள் அதிகம். வேற எங்கேயும் போக மனசு வராது. ஸ்காட்லாந்து பார்க்கணும் என்று ஆசைப்பட்டு கேரவன் வாங்கியவர், ஒரே கடற்கரையின் ஒரே பெஞ்சில் வருஷா வருஷம் உட்கார்ந்திருக்கிறார்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1983ல் வந்த மொபைல் ஹோம்ஸ் சட்டம் கேரவனையே நிரந்தர வீடாக வைத்துக் குடியிருப்பவர்களுக்குத்தான் பாதுகாப்பு கொடுக்கிறது. விடுமுறைக்கு வந்து போகிறவருக்கு கையில் இருக்கிற ஒப்பந்தக் காகிதம்தான் எல்லாம். அடுத்த சீசனில் வாடகையை ஏற்றினாலும், இடமில்லை என்று சொன்னாலும் நீங்கள் போட்ட பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இதற்கு மேல் சொல்லப்போகிற விஷயத்தில். முகாம் நடத்துகிறவருக்கு சீசனல்காரர்கள்தான் செல்லம். பணம் மொத்தமாக வந்துவிடும், தினம் ஆள் மாறுகிற தலைவலி இல்லை, வராத நாளில் தண்ணிச் செலவும் கிடையாது. (குளியலறை கழுவுகிற எனக்கும் வேலை மிச்சம், மறைப்பானேன்!) அதனால் டூரிங் இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக சீசனலுக்கு மாற்றுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் பேங்க் ஹாலிடே வார இறுதி. பின் சீட்டில் ரெண்டு பிள்ளைகளோடு 200 மைல் ஓட்டி வந்த குடும்பத்துக்கு "இடம் இல்லை" என்று போர்டு. உள்ளே வரிசையாகப் பூட்டிய வண்டிகள். அந்த வாரம் ஓனர்களில் பலர் ஸ்பெயினில் இருந்தார்கள்!

1885ல் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்கிற கடற்படை டாக்டர், உல்லாசப் பயணத்துக்கென்றே பிரிஸ்டலில் ஒரு கேரவன் கட்டிக்கொண்டார். பேரே 'வாண்டரர்', அதாவது ஊர்சுற்றி. ரெண்டு குதிரை பூட்டி, நாய், கிளி சகிதம் தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் போனார். முன்னால் ட்ரைசைக்கிளில் வழி பார்க்க ஒரு வேலைக்காரன் வேறு. (அப்படி ஆள் இருந்தால் நானும் போவேன்.) இந்தப் பொழுதுபோக்குக்கு பிள்ளையார் சுழி போட்டதே சுற்றுவதற்காகத்தான். அவர்கள் அதை நாடோடி ஜிப்சிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அந்த ஜிப்சிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கவுன்சில்களுக்கு 1968ல் போட்ட கடமையை 1994ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். 2022ல் வந்த சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதியில்லாத நிலத்தில் வண்டி போட்டுத் தங்கி, போகச் சொல்லியும் போகாவிட்டால் ஜெயில்வரை போகலாம். கேரவனே வீடாக உள்ளவனை நிற்காதே என்று விரட்டுகிற நாட்டில், வீடு உள்ளவனின் கேரவன் எட்டு மாசம் சும்மா நிற்கிறது. என்ன நியாயமோ!

"இழுக்க பயமா இருக்கு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரேட் பிரிட்டனில் 1997க்குப் பிறகு லைசன்ஸ் வாங்கியவர்கள் பெரிய கேரவன் இழுக்க தனி டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அதையும் நீக்கிவிட்டார்கள், 3,500 கிலோ வரை இழுக்கலாம். புதிதாக இழுப்பவர்கள் கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேகம் மோட்டார்வேயில் 60 மைல், சாதாரண ரோட்டில் 50. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ரிவர்ஸ் எடுக்க வராதவர்களுக்கு ரிமோட்டில் வண்டியை நகர்த்துகிற மோட்டாரே வந்துவிட்டது. பெரிய முகாம் பிடிக்காவிட்டால் கிளப்பில் சேருங்கள். 1960ம் வருஷத்து சட்டப்படி கிளப் அங்கீகரிக்கிற சின்ன இடங்களில் ஐந்து கேரவன்தான் நிற்கலாம். பல இடங்களில் விவசாயி வீட்டு வயல்தான். வாடகையும் பெரும்பாலும் குறைவு.

முதுகு வலியில் கொக்கி மாட்டக் குனிய முடியாத தாத்தா பாட்டிகளை நான் சொல்லவில்லை. அவர்கள் தாராளமாக ஒரே இடத்தில் போட்டுக்கொள்ளட்டும், அவர்கள் பெரும்பாலும் வாரக்கணக்கில் வந்து தங்குகிறவர்களும்கூட. முப்பது நாற்பது வயசில் திடமாக இருந்துகொண்டு பணம் கட்டப் போகிறவர்களைத்தான் கேட்கிறேன். போன வருஷத்து காலண்டரை எடுங்கள். உண்மையாக எத்தனை ராத்திரி போயிருப்பீர்கள் என்று வட்டம் போடுங்கள். 60 வந்தால் கையெழுத்துப் போடுங்க, நான் குறுக்கே வரமாட்டேன்.