யந்திரமும் கொலையும்

மனிதன் கட்டளையின்றித் தானே இலக்கைத் தெரிந்தெடுத்துக் கொல்லும் ஆயுதங்களைக் குறித்து ஜெனீவாவில் 2014 முதல் பல தேசத்துப் பிரதிநிதிகள் பேசிவருகிறார்கள். 2019-ல் பதினொரு கோட்பாடுகளை ஏற்றார்கள். அவற்றுக்குச் சட்ட பலம் கிடையாது. சகலரும் சம்மதித்தாலன்றி அங்கே எதுவும் நிறைவேறாது. வல்லரசுகளுக்கு இதைவிடச் சௌகரியமான விதி வேறுண்டோ?

2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. தேசங்களின் அபிப்பிராயத்தைத் திரட்டும்படி பிரதம காரியதரிசியைக் கோருவதே அதன் சாரம். 152 தேசங்கள் ஆதரித்தன, எதிர்த்தவை நான்கே. அந்நான்கில் ரஷ்யாவுடன் நமது இந்தியாவும் ஒன்று! சட்டம் செய்யக் காலம் கனியவில்லையென்பது நம் ராஜதந்திரிகளின் வாதம். குற்றமற்றவனை யந்திரம் கொன்றால் எந்த நியாயஸ்தலம் யாரைக் கூண்டிலேற்றும்? இதற்கு அவர்கள் விடையளிக்கட்டும்.

கண்ணிவெடி விலக்கு உடன்படிக்கை 1997-ல் வல்லரசுகளுக்காகக் காத்திராமல் ஒட்டாவாவில் கையெழுத்தாயிற்று. (அதிலும் நாம் சேரவில்லை.) அவ்வழியே இதற்கும் உகந்தது, இம்முறை இந்தியா முன்வந்து கையெழுத்திட வேண்டும்.