விக்கா மரபுரை மறுப்பு

மேலை நாடுகளில், சிறப்பாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், விக்கா என்னும் பெயரால் ஒரு நெறி இந்நாளில் வழங்கிவருகின்றது. கிறித்து சமயத்திற்கு முற்பட்ட தெய்வங்களைப் போற்றுவேம் என்னும் பேகன் நெறியாருள் ஒரு சாரார் இதனைக் கைக்கொண்டொழுகுகின்றனர். 2021-ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் என்னும் நாடுகளில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கில் ஏறத்தாழ 74,000 பேர் தம் சமயம் பேகன் எனவும், 13,000 பேர் விக்கா எனவும் எழுதினர். இவருள் கோயிலும் குழுவும் இன்றித் தத்தம் மனைக்கண்ணே தனித்து வழிபடுவார் பலர்.

மறுக்கப் புகுவார் மறுக்கப்படுவாரது ஒழுக்கத்தை முதற்கண் உள்ளவாறு கூறுதல் முறையாம். இவர் படுக்கையறையிலாவது அடுக்களையிலாவது ஒரு பலகையைத் தூய்மைசெய்து, அதன்மேல் மெழுகுதிரி, உப்பு, தண்ணீர், நறும்புகை என்பனவற்றை வைப்பர். இவை முறையே தீ, நிலம், நீர், வளி என்னும் பூதங்கட்கு அறிகுறியாம். ஒரு கிண்ணமும், பெரும்பாலும் எதனையும் அறுத்தற்கு எடுக்கப்படாத ஒரு சிறு கத்தியும் உடனிருக்கும். வழிபாட்டின் முன் அவ்விடத்தைத் துடைப்பத்தாற் பெருக்குவர். அப்பெருக்குதல் தூசி போக்குதற்கன்று, தீயன போக்குதற்கென்ப. மதி நிறைந்த இரவில் விளக்கேற்றித் தேவியைப் பரவுவர். ரோஸ்மேரி முதலிய நறுந்தழைகளைக் கறியில் இடும்போதும் இல்லத்தார் நலத்தை உள்ளத்திற் கருதிக் கிளறுவாரும் உளர். யாண்டொன்றுக்கு எட்டு விழாக் கொள்வர். செய்ததும் கண்டதும் கனவிற் கண்டதும் தம் கைப்பட ஒரு சுவடியில் எழுதிவைப்பர். அதற்கு நிழற்சுவடி என்பது பெயர். பிறர்க்குத் தீங்கின்றி வேண்டியது செய்க என்பதே இவரது அறத்தின் சுருக்கம்.

இவற்றைப் பேய்வழிபாடு என்று தூற்றும் கிறித்தவர் சிலர் உளர். சாத்தான் என்பதோர் பொருளையே உடன்படாதாரைச் சாத்தானை வணங்குவார் என்றல் இல்லது கூறலாம்; அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. ஒருத்தி தன் மனையில் உப்பும் விளக்கும் வைத்து உள்ளத்தமைதி தேடுவாளாயின், அவளொடு வழக்காட யாம் வந்தேமல்லேம். யாம் மறுக்கப் புகுந்தது பிறிதொன்று. அந்நெறியார் பலர் தமக்குக் கூறிக்கொள்ளும் மரபுரையே அது.

அம்மரபுரை வருமாறு: எம் நெறி ஐரோப்பாவின் ஆதிநெறி, கிறித்து சமயம் பரவிய பின்னரும் ஊர்ப்புறத்து மூதாட்டியர் அதனை மறைவிற் காத்தனர், அவரையே திருச்சபை விட்ச் என்று பெயரிட்டுப் பிடித்து 90 இலட்சம் பேரை எரித்துக் கொன்றது, எஞ்சியோர் வழிவந்தேம் யாம் என்பதாம். விட்ச் என்பது நம்மனோர் சூனியக்காரி என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல். இம்மரபுரையின் ஒவ்வோருறுப்பும் ஆராய்ச்சிக்கு நில்லாது.

மறைவிற் காத்த நெறி என்றது எங்ஙனம் வந்தது? இலண்டனில் எகிப்திய நாகரிக ஆராய்ச்சி செய்த மார்கரெட் மர்ரே என்னும் அம்மையார் 1921-இல் வெளியிட்ட நூலில், விட்ச் எனப்பட்டோர் உண்மையில் ஒரு பழஞ்சமயத்தாரே என்று எழுதினார். 1929-இல் வெளிவந்த பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்திலும் அக்கொள்கையை எழுத அவர்க்கு இடங்கிடைத்தது. உலகமும் அதனை முடிந்த முடிபென நம்பிற்று. பின்னர் 1975-இல் நார்மன் கோன் என்னும் வரலாற்றறிஞர் அவர் எடுத்துக்காட்டிய வாக்குமூலங்களை மூலத்தொடு வைத்து ஒப்புநோக்கினார். வானிற் பறந்தேன், விலங்குருக் கொண்டேன் என்றாற்போலும் இயலாத செய்திகளையெல்லாம் அம்மையார் விலக்கிவிட்டு, இயலும் செய்திகளை மட்டும் எடுத்துக்கோத்துச் சரித்திரமாக்கியது வெளிப்பட்டது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கும் வேலையில் இளமை கழித்தவன் ஆகலின் யான் இக்குற்றத்தின் கொடுமையை நன்கறிவேன். தன் கொள்கைக்கு ஒவ்வாத வரியை விட்டெழுதுவோன், எழுதத்தெரியாதவனினும் ஏட்டுக்குப் பெரும்பகைவன்.

மர்ரே வித்திட்டதை விளைத்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884–1964). இவர் இளமையில், 1900-இல், இலங்கைக்குப் போந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பின்னர் மலாய் நாட்டிற் சுங்க அலுவலராயிருந்து 1936-இல் ஓய்வுபெற்றுத் தம் நாடு திரும்பினார். நியூ பாரஸ்டு என்னும் பகுதியில் 1939-இல் அப்பழநெறியார் குழுவொன்றிற் சேர்க்கப்பட்டேன் என்பது அவர் கூற்று. இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டு விட்ச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டபின், 1954-இல் தம் நூலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவரும் அம்மர்ரேயே. ஆசிரியர் கருத்தைக் கேட்டு மாணாக்கர் ஒன்று கட்ட, அக்கட்டடத்தையே ஆசிரியர் தம் கருத்துக்குச் சான்றாக ஏற்றுக்கொண்டவாறு இது.

கார்ட்னர் பழஞ்சுவடி என்று காட்டியதில் அலீஸ்டர் குரோலி என்னும் இருபதாம் நூற்றாண்டு மாந்திரிகரது சொற்கள் கிடந்தன. அதனைக் கண்டுபிடித்தவர் பகைவரல்லர். 1953-இல் அவரிடமே தீக்கை பெற்ற டோரீன் வாலியன்ட் என்னும் அம்மையார். அவர் அப்பகுதிகளைக் களைந்து தம் சொற்களால் புதுக்கியெழுதினார். இந்நாளில் விக்கா வழிபாட்டிற் சிறந்தனவாகக் கொள்ளப்படும் உரைகள் சில அங்ஙனம் எழுந்தனவே. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ரொனால்டு ஹட்டன் 1999-இல் எழுதிய பெருநூல், இந்நெறி இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் பிறந்தது என்பதை ஐயந்திரிபற நிறுவிற்று. அவர் அதனை இகழ்ந்தெழுதினாரல்லர் என்பதும் நினைக்கத்தக்கது.

இனி, குழுவிற் சேர்ந்து தீக்கை பெற்றார்க்காயினும் கார்ட்னர் அளவும் ஒரு வழிமுறை உண்டு. மனைக்கண் தனித்து ஒழுகுவார்க்கு அதுவும் இன்று. வாலியன்ட் அம்மையார் 1978-இலும், அமெரிக்கராகிய ஸ்காட் கன்னிங்காம் 1988-இலும் எழுதிய நூல்களைக் கற்று, தமக்குத் தாமே தீக்கை செய்துகொள்ளும் முறை பரவிற்று. தருவோனும் பெறுவோனும் ஒருவனேயாதல் எங்ஙனம் என மடத்தில் ஓதிய நாளிற் கேட்டிருப்பின் யான் நகைத்திருப்பேன். இன்று நகைக்க மனம் ஒருப்படவில்லை. வழிகாட்டுவார் ஒருவரும் இன்றி ஒரு தட்டின்முன் தனித்து நிற்கும் ஒருத்தியிடம் ஒரு நேர்மை உண்டு. ஆயின் அந்நேர்மைக்கு அழகு, இது யான் புதிதாக மேற்கொண்டது என்று சொல்லுதலே. ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சியை அவள் உரிமை பாராட்டுதற்கு எதனை அளவையாகக் காட்டுவாள்? காட்சியும் இல்லை, கருதலும் இல்லை. உரையெனக் காட்டுவது மர்ரேயின் உரையே.

90 இலட்சம் என்னும் எண்ணின் வரலாறு இதனினும் வியப்புடைத்து. 1784-இல் ஜெர்மனியில் வோய்க்ட் என்பவர் குவெட்லின்பர்க் என்னும் ஓரூரின் பதிவுகளிற் கண்ட சில வழக்குகளை ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகட்கும் பெருக்கிக் கணக்கிட்டு, 94,42,994 என்னும் தொகையைக் கண்டார். ஒரு வீட்டில் இரு பூனை கண்டு உலகத்துப் பூனைத்தொகை கூறியவாறு! 1893-இல் மட்டில்டா காஜ் என்னும் அமெரிக்க அம்மையார் 90 இலட்சம் என்று எழுத, கார்ட்னரும் எடுத்தாள, அது வேதவாக்காயிற்று. நீதிமன்றப் பதிவுகளைப் பலகாலும் ஆராய்ந்தோர் கொல்லப்பட்டோர் தொகை 40,000 முதல் 60,000 வரை என்ப. இவருள் நான்கில் மூன்று பங்கினர் பெண்டிர். ஐஸ்லாந்திலோ பெரும்பாலார் ஆடவர். இங்கிலாந்தில் எரித்திலர், தூக்கிலிட்டனர்.

அற்றேல், 50,000 என்பது சிறுதொகையோ, தொகை குறைந்தமையாற் கொடுமை குறையுமோ எனின், குறையாது. ஒரு மூதாட்டியைக் கொன்றதும் பெருங்கொடுமையே. அக்கொடுமையை உள்ளபடி அறியவேண்டும் என்பதே எம் கருத்து. கொல்லப்பட்டோர் யாவர்?

மாசசூசெட்சு நாட்டுச் சேலம் ஊர் வழக்கை எடுத்துக்கொள்வாம். பதிவுகள் மிகுதியும் கிடைப்பது அது. 1692-இல் அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டனர். வழக்கிற்கு விடைகூற மறுத்த கைல்ஸ் கோரி என்னும் முதியவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றனர். எரிக்கப்பட்டார் ஒருவரும் இலர். தூக்குண்ட ரெபெக்கா நர்ஸ் என்பாள் 71 அகவையினள், திருச்சபை உறுப்பினள், ஊரார் மதித்த தாய். நடுவர் குழுவினர் முதலிற் குற்றமிலள் என்றே கூறினர். நீதிபதி அவள் வாய்ச்சொல் ஒன்றைக் காட்டி மீண்டும் எண்ணுக என்றார். அதற்குப் பொருள் யாதென அவளை வினவியபோது அவள் விடையிறுத்திலள். செவிப்புலன் குன்றினமையாலும் துயர்மிகுதியாலும் வினாவே தன் செவிக்கு எட்டவில்லை என்று அவள் பின்னர்த் தெரிவித்தும் பயனின்றாயிற்று. சூலை 19-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டாள். அவள் தங்கை மேரி ஈஸ்டியும் அதேயாண்டு செப்டம்பரில் தூக்குண்டாள். என்னுயிரை வேண்டுகின்றிலேன், இனியேனும் குற்றமிலார் குருதி சிந்தாமல் வழி காண்மின் என்னும் கருத்தமைய அவள் நீதிபதிகட்கு விடுத்த விண்ணப்பம் இன்றும் உளது.

ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. அவ்வழக்கில் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர், ஆம், யான் விட்ச் என்று ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டு அதில் நின்றார் ஒருவரேனும் தூக்கிலிடப்பட்டிலர். ஒப்புக்கொண்டு, பின்னர் அது பொய் என்று மறுத்த சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலிடப்பட்டார். எனவே, யான் விட்ச் என்னும் ஒரு சொல் உயிர்காக்கும் மருந்தாயிருந்தது. அதனைச் சொல்ல மறுத்தே அப்பத்தொன்பதின்மரும் இறந்தனர். பொய்யுரைத்து உயிர்வாழ்தலினும் மெய்யுரைத்துச் சாதல் நன்றெனக் கொண்ட அவரையோ விக்கா நெறியாருள் ஒரு சாரார் எம் குலமுன்னோராகிய விட்ச்சுகள் என்று கொண்டாடுவது? எட்டு விழாக்களுள் அக்டோபர் 31-ஆம் நாள் இரவு வருவது இறந்தாரை நினைத்தற்குரியது. அன்று மனைகளில் இறந்தார்க்கென உண்கலம் ஒன்று வைத்து விளக்கேற்றுவர். மிக நல்ல வழக்கம். ஆயின் அவ்விளக்கின்முன் ரெபெக்கா நர்ஸை விட்ச் என்று அழைப்பது, அவளைத் தூக்கிலிட்டோர் வழங்கிய பெயரையே அழைப்பதாம்.

மர்ரேயின் கொள்கைக்கு உள்ள பெரும்பழியும் இதுவே. குற்றஞ்சாட்டினோர் இவர் மறைகுழுவினர் என்றனர். மர்ரேயும் மறைகுழுவினரே என்றார். அவர் தீதென்றதை இவர் நன்றென்றதே வேற்றுமை. இல்லை, இல்லை என்று கதறினாரை இருவரும் நம்பிலர்.

சரித்திரமன்று, அஃது எமக்கொரு குறியீட்டுக்கதை என்பாரும் அந்நெறியிற் சிலர் உளர். மார்கோட் அட்லர் 1979-இல் எழுதிய நூலிலேயே இவர் கருத்துக் காணப்படும். கதையைக் கதையென்றே சொல்லின் எமக்கு வழக்கில்லை. ஆயின் ஒருவனது சாவைப் பிறனொருவன் குறியீடாகக் கொள்ளுதற்குமுன், செத்தவன் என் சாவுக்குக் காரணம் என்ன என்று சொன்னானோ அதனைக் கேட்டல் வேண்டும்.

முந்நூறாண்டுக்கு முற்பட்ட செய்திக்கு இத்துணை வாதம் எதற்கு என்பார்க்கு ஒன்று கூறுவேம். அக்கொலை முற்றுப்பெற்ற செய்தியன்று. நம் நாட்டிற் பீகார் 1999-இலும், சார்க்கண்டு 2001-இலும், அசாம் 2015-இலும் சூனியக்காரி என்று பெண்டிரைக் கொல்லுதலையும் வதைத்தலையும் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஐக்கிய நாடுகளின் மனிதவுரிமைக் குழு 2021-இல் இதன்பொருட்டே ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. நிலத்தின்மேற் கண்வைத்த உறவினனோ, குழந்தை நோயுற்ற அயலானோ விரல் நீட்ட, ஒரு கைம்பெண் ஊர்நடுவே நின்று யான் அவளல்லள் என்கின்றாள். அவள் சொல்லை நம்புதலே அவளுக்குள்ள ஒரே காவல். அங்ஙனம் சொன்னோர் உள்ளபடியே விட்ச்சுகளாய் இருந்தனர் என்னும் சரித்திரம், எத்துணை அன்பொடு சொல்லப்படினும், அவளுக்கு எதிர்ச்சான்றாம்.

சேலம் ஊரில் அவ்வழக்கின் முந்நூறாம் ஆண்டு நிறைவில், 1992-இல், ஒரு நினைவிடம் அமைத்தனர். இறந்தோர் ஒவ்வொருவர்க்கும் சுவரினின்று நீண்ட ஒரு கல்லிருக்கை. அதிற் பெயரும் இறந்த நாளும். வாயிற்படிக் கற்களில், யாம் குற்றமிலேம் என்று அவர் கூறிய சொற்களைப் பொறித்துள்ளனர். அச்சொற்கள் முடிவுபெறாமல் சுவரின்கீழ்ப் புகுந்து பாதியில் மறைகின்றன.